உமிக்கரி முதல் சார்க்கோல் வரை

எங்கள் வீட்டில் காலைக் காபிக்கு ஒரு நுழைவுத் தேர்வு உண்டு. தேர்வாளர் அப்பாயி. அடுக்களை வாசலில் மணைக்கட்டையில் உட்கார்ந்துகொண்டு, "ஈ காட்டு" என்பாள். காட்டினால் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்ப்பாள். முன்பல் வெள்ளையாகவும் உதட்டோரம் கறுப்பாகவும் இருந்தால் பாஸ். உதட்டோரம் கரி இல்லையென்றால் பல்லே விளக்கவில்லை என்று பொருள், காபி கிடையாது. விவரம் தெரிந்த பிள்ளைகள் உதட்டில் மட்டும் கரியைத் தடவிக்கொண்டு போய் நின்று டம்ளரை வாங்கிவிடுவார்கள்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் அரிசி மில் இருந்த ஊர் எங்களுடையது. நெல் அவிக்கிற அடுப்புக்கு உமிதான் எரிபொருள். எரிந்த கரி மில்லின் பின்னால் குவிந்து கிடக்கும். யார் வேண்டுமானாலும் கூடையில் அள்ளிக்கொண்டு வரலாம். அப்பாயி அதை உரலில் இடித்து, பழைய வேட்டித் துணியில் சலித்து, கல் உப்பும் கொஞ்சம் கிராம்பும் தட்டிப் போட்டு, கொட்டாங்குச்சியில் வைத்திருப்பாள். இடது உள்ளங்கையில் ஒரு சிட்டிகை, வலது கை ஆள்காட்டி விரல், அவ்வளவுதான் சாமான். கிணற்றடியில் வரிசையாக நின்று கறுப்பாகத் துப்புவோம்.

இதில் யாரும் கவனிக்காத ஒரு சங்கதி இருந்தது. ஆள்காட்டி விரல் எவ்வளவு தூரம் போகும்? மேலே ஆறு பல், கீழே ஆறு பல், அதுவும் வெளிப்பக்கம். கடைவாய்ப் பல்லின் உள்பக்கம், அதாவது நாக்கு உரசுகிற பக்கம், எங்கள் வம்சத்தில் யாருடைய விரலும் போகாத பிரதேசம். அப்பாயியின் தேர்விலும் அங்கிருந்து கேள்வி வராது. 'ஈ' காட்டச் சொன்னாளே தவிர, 'ஆ' காட்டச் சொன்னதில்லை.

பல் விளக்குவதில் அந்தஸ்து வேறு இருந்தது. வயலுக்குப் போகிற ஆம்பளைகளுக்கு வேப்பங்குச்சி. சித்தப்பா விடிகாலையில் கொல்லைக் கோடியில் ஒரு குச்சியை ஒடித்து வாயில் வைத்தாரென்றால், மடை திறந்து, தண்ணீர் பாய்ச்சி, ரெண்டு பேரிடம் வம்பளந்து, வாய்க்காலில் இறங்குகிற வரைக்கும் அது வாயிலேயே இருக்கும். நுனியை மென்று மென்று நார் நாராக்கி, பல்லிடுக்கில் விட்டு நிதானமாகத் தேய்ப்பார். முடிந்ததும் அதே குச்சியை ரெண்டாகப் பிளந்து நாக்கை வழித்துவிட்டு வாய்க்காலோடு விட்டுவிடுவார். கருவிக்குக் காசு இல்லை, கழுவி வைக்கிற வேலை இல்லை. அரசாங்க உத்தியோகம் பார்க்கிற வீடுகளில் பல்பொடி. கோபால் பல்பொடி ரோஸ் நிறத்தில் இனிப்பாக இருக்கும். பாதி பல்லுக்குப் போகும், பாதி வயிற்றுக்குப் போகும். எந்தெந்த நாட்டு மக்களெல்லாம் அதை ஆதரிக்கிறார்கள் என்று ரேடியோவில் பட்டியல் படிப்பார்கள். சிங்கப்பூர் என்று ஓர் ஊர் இருப்பது பூகோளப் புத்தகத்துக்கு முன்னால் எனக்குத் தெரிந்தது அந்தப் பல்பொடியால்தான். டியூப் பேஸ்ட் என்பது மெட்ராஸில் வேலை பார்த்து லீவுக்கு வருகிறவர்களின் பெட்டியில் மட்டும் இருக்கும். அவர்கள் கிணற்றடியில் வாயெல்லாம் நுரையாக நிற்பதைத் தெருப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கப் போவோம்.

எதை வைத்து விளக்குவது என்பதில் இத்தனை கட்சி. எங்கே விளக்குவது என்பதில் மட்டும் எல்லாரும் ஒற்றுமை. அடுத்தவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்.

துப்பும்போது சில நாள் கறுப்போடு சிவப்பும் வரும். அப்பாயியிடம் காரணம் தயாராக இருக்கும். "உடம்பு சூடுடா. வெயில்ல அலையாதேன்னா கேக்குறியா?" சூட்டுக்கு நீர்மோர், ஊறவைத்த வெந்தயம், சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு. ரத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கசிந்தால் கருவேலம்பட்டைக் கஷாயம்; கொப்பளித்தால் ஈறு இறுகும் என்பது நம்பிக்கை. துவர்ப்பில் வாயே இறுகும் என்பது உண்மை. இத்தனைக்கும் மேலே ஒரு கட்டளை: "ரெண்டு நாளைக்கு அந்தப் பக்கம் விரலை வைக்காதே. புண்ணு ஆறட்டும்."

மோரும் வெந்தயமும் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. அந்தக் கட்டளைதான் செய்தது. ரத்தம் வருகிற இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தை விளக்கு என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ரத்தம் வந்ததே அந்த இடத்தை விளக்காமல் விட்டதால்.

இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டியவர் ஹரால்ட் லோ என்கிற நார்வேக்காரர். டென்மார்க்கில் ஆர்ஹுஸ் நகரத்துப் பல் மருத்துவக் கல்லூரியில் அவர் செய்த சோதனை 1965-இல் வெளிவந்தது. ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பிடித்தார், பெரும்பாலும் மாணவர்கள். எல்லாரையும் பல் விளக்குவதை நிறுத்தச் சொன்னார். பல் மருத்துவம் படிக்க வந்த பிள்ளைகளைப் பார்த்து "பல் விளக்காதே" என்று சொன்ன முதல் வாத்தியார் அவராகத்தான் இருப்பார். 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் 12 பேருக்கும் ஈறு சிவந்து வீங்கிவிட்டது. மறுபடி விளக்கச் சொன்னார். ஒரு வார அளவில் எல்லாருக்கும் பழையபடி ஆகிவிட்டது. மருந்து இல்லை, மாத்திரை இல்லை, மோர் இல்லை. சூடும் இல்லை, ஆர்ஹுஸில் ஏது சூடு?

நடப்பது இதுதான். பல்லும் ஈறும் சேர்கிற விளிம்பில் ஒரு சின்னப் பள்ளம் சுற்றிவர ஓடுகிறது. நல்ல வாயில் அதன் ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் பல்லின் மேல் பாக்டீரியாக்கள் ஒட்டிப் பசைபோன்ற ஒரு படலம் உண்டாகிக்கொண்டே இருக்கும். அதை அன்றன்றைக்கு எடுத்துவிட்டால் தொல்லை இல்லை. விட்டால், எச்சிலில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து அதில் படிந்து சில நாளிலேயே கெட்டியாகத் தொடங்கிவிடும். அதுதான் காரை. காரையான பிறகு பிரஷ்ஷாலும் குச்சியாலும் விரலாலும் அதைப் பெயர்க்க முடியாது. சொரசொரப்பான காரைமேல் படலம் இன்னும் வசதியாக ஒட்டும். உடம்பு அதை எதிர்த்துச் சண்டைக்கு ஆள் அனுப்பும். ஈறு வீங்கி, தொட்டால் ரத்தம் கசிவது அந்தச் சண்டையின் அடையாளம். இந்தக் கட்டம் வரைக்கும் திரும்பி வரலாம். இதைத் தாண்டி, சண்டை பல்லைப் பிடித்திருக்கிற நாருக்கும் எலும்புக்கும் இறங்கிவிட்டால், கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது. அத்தோடு நிறுத்தலாம், அவ்வளவுதான். இதெல்லாம் பெரும்பாலும் வலியே இல்லாமல் நடக்கும். சொத்தைப் பல்லாவது ராத்திரி தூங்கவிடாமல் அடித்து ஆஸ்பத்திரிக்குத் துரத்தும். ஈறு நோய்க்கு அந்த நாகரிகம் கிடையாது.

சித்தப்பாவுக்கு ரத்தமே வந்ததில்லை. "நம்ம ஈறு இரும்பு" என்று பெருமையாகச் சொல்வார். குச்சி கீழே போனதும் பீடி மேலே ஏறிவிடும். புகையிலை ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவதால் புகைப்பவர்களுக்கு ஈறு கெட்டாலும் ரத்தம் அவ்வளவாகக் கசியாது என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் இரும்பை விட்டுக்கொடுத்திருக்க மாட்டார். கீழ்வரிசைப் பற்கள் ஒவ்வொன்றாகக் கையோடு வந்தன.

எல்லாக் குடும்பத்திலும் ஒரு தாத்தா உண்டு. பிரஷ்ஷையே தொட்டதில்லை, தொண்ணூறு வயதில் கரும்பு கடித்தார் என்று கல்யாண வீட்டுப் பந்தியில் அவர் கதை வரும். அந்தத் தாத்தா பொய்யில்லை. அவர் எந்தக் கணக்கில் வருகிறார் என்பதையும் அதே லோதான் கண்டுபிடித்துச் சொன்னார், இந்த முறை தமிழர்களின் வாயிலிருந்து. 1970-இல் இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் பல்லையும் ஈறையும் அவருடைய குழு அளக்கத் தொடங்கியது. பிரஷ், பேஸ்ட், பல் டாக்டர் எதுவும் எட்டாத லயத்து வாழ்க்கை. வெற்றிலை பாக்கு உண்டு. 15 வருஷம் திரும்பத் திரும்பப் போய் அளந்தார்கள். சொத்தைப் பல் ஏறக்குறைய இல்லவே இல்லை. ஆனால் வீங்காத ஈறு ஒன்றைக் காண்பதும் அரிதாக இருந்தது. 1986-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஈறு வீக்கத்தோடு நின்று மேற்கொண்டு சேதம் இறங்காதவர்கள் 11 சதவீதம். 81 சதவீதம் பேருக்கு எலும்பும் நாரும் மெதுவாகக் கரைந்தன. 45 வயதில் சராசரியாக ஏழு பல் போயிருந்தது. மீதி 8 சதவீதம் பேருக்கு 20 வயதிலேயே பல் விழத் தொடங்கி, 45 வயதில் வாயில் ஒரு பல்லும் இல்லை. அளக்கப்பட்டவர்களுக்கு இந்தக் கணக்கால் என்ன கிடைத்தது என்பது வேறு கேள்வி. உலகத்துக்கு ஈறு நோயைப் பற்றித் தெரிந்ததில் பெரும்பங்கு அந்த வாய்களிலிருந்து வந்தது.

கரும்பு கடித்த தாத்தா அந்த 11-இல் ஒருவர். அந்த 8-ஐப் பற்றிப் பந்தியில் ஏன் பேச்சே வரவில்லை என்று கேட்டால், பல் போனால் சொல் போச்சு. அவர்கள் எப்படி வந்து சொல்வார்கள்?

எங்கள் அப்பா அந்த 81-இல் ஒருவர். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா, ஆகவே பல்பொடிக் கட்சி. நாற்பதைத் தாண்டியதும் பல் ஆட ஆரம்பித்தது. கணக்குக் கூட்டும்போது ஆடுகிற பல்லை நாக்கால் முன்னும் பின்னும் தள்ளுவது அவர் வழக்கமாகவே ஆகிவிட்டது. "வயசாச்சுல்ல" என்பார். நாற்பது வயதில் அதைச் சொல்ல அப்போது யாருக்கும் கூச்சம் இருந்ததில்லை. விழுந்த பல்லைக் காகிதத்தில் வைத்து ஒருநாள் எங்களிடம் காட்டினார். "பாரு, ஒரு ஓட்டை கிடையாது. சொத்தையே இல்லாத பல்லு." உண்மைதான். மேல்பாகம் பளிச்சென்று இருந்தது. வேர்ப்பக்கம் மட்டும் பாதி உயரத்துக்குக் கறுப்பும் பழுப்புமாக ஒரு பொருக்கு சுற்றிப் பிடித்திருந்தது. நகத்தால் சுரண்டினால் வரவில்லை. அந்தப் பொருக்குதான் கொலைகாரன் என்று தெரியாமல் ஆளாளுக்குப் பல்லைப் புகழ்ந்தோம். ஆற்றங்கரைத் தென்னை விழுவது மரம் பழுதானதாலா? காலடி மண் போனதால்.

பிறகு டவுனில் சீனப் பல் வைத்தியரிடம் செட் கட்டிக்கொண்டார். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் பல ஊர்களில் சீனக் குடும்பத்தார் பல் வைத்தியம் பார்த்தார்கள். போர்டில் சிவப்பு ஈறோடு பெரிய பல்செட் வரைந்திருக்கும். ஊரில் ஆரோக்கியமான ஈறு என்று ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் அந்தப் போர்டில்தான் பார்க்க வேண்டும். செட் முதலில் கச்சிதமாக இருந்தது. பல் போன இடத்தில் எலும்பு வருஷா வருஷம் இன்னும் தேய்ந்துகொண்டே போகும் என்பதால், போகப் போகப் பேசும்போதே கழன்று வந்தது. கிருஷ்ண ஜெயந்திச் சீடையை அம்மா அம்மியில் வைத்துத் தட்டிப் பொடியாக்கி அப்பாவுக்குத் தனியாகக் கிண்ணத்தில் கொடுப்பாள். அவர் அதைப் பிரசாதம் போல வாயில் போட்டுக்கொண்டு, சீடை அந்தக் காலத்தில் எவ்வளவு கெட்டியாக இருந்தது என்று பேசிக்கொண்டிருப்பார்.

இது அப்போது. இப்போதைக்கு வருவோம்.

சோழிங்கநல்லூரில் தம்பி மகன் குடியிருக்கிற ஃபிளாட்டில் குளியலறை அலமாரியைத் திறந்தால் ஒரு சின்னக் கடை. சார்ஜ் போடுகிற பிரஷ். அது எங்கெங்கே தேய்த்தாய் என்று போனுக்குத் தகவல் அனுப்புமாம். உப்பு போட்ட பேஸ்ட் ஒன்று. வேம்பு போட்டது ஒன்று. கிராம்பு போட்டது ஒன்று. கறுப்பாக, சார்க்கோல் என்று ஒன்று. அப்பாயியின் கொட்டாங்குச்சி நாலு டியூபாகப் பாகப் பிரிவினை ஆகியிருக்கிறது. கரியால் பல் விளக்குகிறவர்களைக் கேலி செய்து ஒரு காலத்தில் விளம்பரம் போட்டார்கள். உப்பைத் தேய்த்தவனைப் பட்டிக்காட்டான் என்றார்கள். அந்தக் கேலியில் மனம் மாறி நாமெல்லாம் வெள்ளை பேஸ்ட்டுக்கு வந்து சேர்ந்ததும், உப்பு இருக்கிறதா, கரி இருக்கிறதா என்று அவர்களே கேட்டுக்கொண்டு வருகிறார்கள். அரிசி மில்லில் சும்மா கிடந்ததை அள்ளியவர்களின் பேரப்பிள்ளைகள் அதைக் கிராம் கணக்கில் வாங்குகிறார்கள். கரி அன்றைக்கும் பல்லைத் தேய்த்தது, இன்றைக்கும் தேய்க்கிறது. கறையோடு சேர்த்து எனாமலையும் தேய்க்கும். ஈறுக்கு அதனால் நன்மை என்று நிரூபணமாகவில்லை.

உப்பின் கதை இன்னும் பழையது. பல்லில் ஒட்டியிருந்த வெள்ளைப் பசையைத் தாம் செய்த லென்ஸுக்கு அடியில் வைத்துப் பார்த்து, உள்ளே பொடிப்பொடி உயிர்கள் துள்ளுகின்றன என்று 1683-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார் ஹாலந்து நாட்டுத் துணி வியாபாரி லேவன்ஹூக். தினமும் காலையில் உப்பால் பல் தேய்ப்பது தம் வழக்கம் என்றும் அதில் எழுதியிருக்கிறார். அதாவது, உலகத்தில் முதன்முதலாக மனிதன் பார்த்த வாய்ப் பாக்டீரியா உப்புப் போட்டுத் தேய்த்த பல்லிலிருந்து வந்தது. இதற்கு மேல் உப்பைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை.

தம்பி மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. போட்டோவுக்குப் பல் வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்று பளிச்சாக்கிக்கொண்டு வந்தான். அதே வாரம் ஈறில் ரத்தம். ராத்திரியெல்லாம் போனில் தேடியிருக்கிறான். முதலில் ரத்தப் புற்றுநோய் என்று வந்ததாம். விடியற்காலைக்குள் வைட்டமின் சி பற்றாக்குறைக்கு இறங்கி, மாத்திரை ஆர்டர் போட்டுவிட்டுத் தூங்கினான். அப்பாயி இதே வேலையை 'சூடு' என்ற ஒரே சொல்லில் முடித்திருப்பாள்.

"இப்ப எப்படிடா இருக்கு?" என்று கேட்டேன்.

"பரவாயில்லை பெரியப்பா. பிரஷ்ஷை அழுத்தித் தேய்ச்சுட்டேன் போல. ஒரு வாரமா அந்தப் பக்கம் பிரஷ் வைக்கலை. புண் ஆறட்டும்னு விட்டிருக்கேன்."

போனுக்குத் தகவல் அனுப்புகிற பிரஷ் இதை யாரிடம் போய்ச் சொல்லும்?

பல் டாக்டரிடம் ஈறைக் காட்டியவர் எங்கள் குடும்பத்தில் அக்காதான். அதுவும் ஈறுக்காகப் போகவில்லை. ஒரு பல் ஆடியது, பிடுங்கிவிட்டால் தேவலை என்று போனாள். டாக்டர் சின்னப் பெண். நாற்காலியில் சாய்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "சுகர் எவ்வளவும்மா இருக்கு?" அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள், "பல்லைக் காட்ட வந்தா சுகரைக் கேக்குது" என்கிற பார்வை. பிறகு நுனியில் சின்ன உருண்டையும் மேலே கறுப்புக் கோடுகளும் உள்ள மெல்லிய கம்பி ஒன்றை எடுத்து, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் மெதுவாக இறக்கி, ஒவ்வொரு பல்லாக நம்பர் சொல்லிக்கொண்டே போனாள். "ரெண்டு, மூணு, ரெண்டு. நாலு, அஞ்சு, அஞ்சு. மூணு, ஆறு, ஏழு." உதவிப் பெண் எழுதிக்கொண்டாள்.

வாயிலிருந்து கம்பியை எடுத்ததும் அக்கா, "என்னம்மா, ஏலம் போடறியா?" என்றாள்.

"இந்த ஏலத்துல குறைச்சுக் கேட்டாத்தாம்மா லாபம். மூணு வரைக்கும் சரி. உங்களுக்கு ஏழு வரைக்கும் போகுது."

சர்க்கரைக்கும் ஈறுக்கும் உள்ள உறவு சம்பந்தி உறவு. ஒரு பக்கம் கோபித்தால் மறு பக்கமும் கோபிக்கும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு ஈறு நோய் வருகிற வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு. ஈறில் ஓயாமல் எரிகிற அழற்சி, தன் பங்குக்குச் சர்க்கரையையும் கட்டுப்பட விடாது. சர்க்கரை நோயின் ஆறாவது பின்விளைவு ஈறு நோய் என்று 1993-இல் எழுதியவர் வேறு யாருமல்ல, நம் லோதான். ஈறுக்கு ஒழுங்காக வைத்தியம் செய்தால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு 0.4 சதவீதம் போல இறங்குவதாகப் பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு சொல்கிறது. ஒரு மாத்திரை கூட்டுவதில் கிடைக்கிற பலனுக்கு இது அவ்வளவு குறைந்ததல்ல. கண்ணுக்கும் காலுக்கும் கிட்னிக்கும் வருஷந்தோறும் செக்கப் போகிற நம் சர்க்கரைக்காரர்கள் வாயை மட்டும் மாத்திரை போடும்போதுதான் திறக்கிறார்கள்.

மரத்துப்போக ஊசி போட்டு, பல் வேர்வரைக்கும் காரையைச் சுரண்டி எடுத்தார்கள். டீப் கிளீனிங் என்கிறார்கள். எடுத்ததைப் பஞ்சில் வைத்துக் காட்டினாள் அந்தப் பெண். அப்பாவின் காகிதத்தில் பார்த்த அதே கறுப்பு, அதே பழுப்பு. வீட்டுக்கு வந்த அக்கா நாலு நாள் புலம்பினாள். "இதுக்குத்தான் வேண்டாம்னேன் தம்பி. கெட்டியா இருந்த பல்லைச் சுரண்டி ஆட வச்சுட்டா. பல்லுக்கு நடுவுல காத்து போவுது."

கிளீனிங் செய்தால் பல் ஆடும் என்பது தமிழ்நாட்டில் படித்தவர், படிக்காதவர் பேதமில்லாத நம்பிக்கை. எலும்பு ஏற்கெனவே கரைந்திருக்கிறது. காலியான இடத்தைக் காரை அடைத்து, பல்லோடு பல்லை ஒட்டிவைத்திருந்தது. எடுத்ததும் உண்மை நிலவரம் தெரிகிறது. வீக்கம் வற்றி ஈறு கீழே இறங்குவதால் இடைவெளியும் தெரியும், குளிர்ந்த தண்ணீர் கொஞ்ச நாள் கூசும். கூச்சம் சில வாரத்தில் அடங்கும், ஈறு சுற்றிவரப் பிடித்துக்கொள்ளும். அக்காவின் பல்லும் அப்படித்தான் நின்றது. பிடுங்கப் போன பல்லால் இப்போது முறுக்கு கடிக்கிறாள். ஆனால் கிளீனிங்கைப் பற்றிய அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

எங்கள் வீட்டுக் காபிச் சட்டத்தில் இன்னொரு ஓட்டை இருந்தது. காலையில் பல் விளக்காமல் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. ராத்திரி சாப்பிட்ட வாயோடு, வெற்றிலையும் போட்டுக்கொண்டு படுக்கலாம், கேட்பார் இல்லை. ராத்திரி பல் விளக்குகிறவனைப் பார்த்து, "எந்த ஊருக்குடா கிளம்புற?" என்று கேட்ட வீடு எங்களுடையது. தூக்கத்தில் எச்சில் ஊறுவது வெகுவாகக் குறைந்துவிடும், கழுவிவிட ஆள் இல்லாத அந்த நேரத்தில் படலத்துக்குக் கொண்டாட்டம். ஒருவேளைதான் விளக்குவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்கள் ராத்திரியையாவது தேர்ந்தெடுக்கலாம். இன்றைக்கும் தமிழ் வீடுகளில் ராத்திரிப் பிரஷ் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கான தண்டனையாகவே இருக்கிறது.

விளக்குகிற முறையும் அப்படியே. விளம்பரத்தில் பிரஷ்ஷின் நீளத்துக்கும் அலை அலையாகப் பேஸ்ட் பிதுக்குவார்கள். பட்டாணி அளவு போதும், மிச்சமெல்லாம் நுரை. செய்கிற வேலை நாரினுடையது. மென்மையான நாருள்ள பிரஷ்ஷை 45 பாகைச் சாய்வில் பல்லும் ஈறும் சேர்கிற விளிம்பில் வைத்து, அங்கேயே சின்னச் சின்னதாக அசைக்க வேண்டும். சார்லஸ் பாஸ் என்கிற அமெரிக்க டாக்டர் சொல்லிக்கொடுத்த வழி இது, பல் மருத்துவர்கள் இன்றைக்கும் இதைத்தான் சொல்கிறார்கள். மொத்தம் ரெண்டு நிமிஷம். பிரஷ்ஷை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நார் விரிந்தால் அதற்கும் முன்பே, மாற்றச் சொல்கிறார்கள். நம் வீட்டில் அது பல்லுக்கு உதவாமல் போய், தலைக்கு டை அடிக்கப் பதவி உயர்வு பெறும் வரை மாறாது.

அப்பாயிக்கு ஒரு விஷயத்தில் மட்டும் பாராட்டு உண்டு. பல்லிடுக்கில் அழுக்கு சேரும், அதைத் தனியாக எடுக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. வளையலில் எப்போதும் ஒரு ஊக்கு தொங்கும். வெற்றிலை துப்பியதும் அதை எடுத்துக் குத்துவாள். அப்பா ஈர்க்குச்சி, சித்தப்பா பஸ் டிக்கெட் முனை. எண்ணம் சரி, ஆயுதம் தப்பு, ஈறுதான் கிழியும். பிரஷ் எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் ரெண்டு பல் தொட்டுக்கொள்கிற இடுக்கில் நுழையாது. இடுக்குக்கென்றே ஃப்ளாஸ் நூலும் பொடி பிரஷ்ஷும் மருந்துக் கடையில் இருக்கின்றன. தம்பி மகன் அலமாரியில் ஃப்ளாஸும் இருந்தது. உறை பிரிக்காமல்.

"பல்லு போனா இம்ப்ளான்ட் போட்டுக்கலாம் பெரியப்பா, இப்பல்லாம் அது பெரிய விஷயமே இல்லை" என்கிறான். ஒரு பல்லுக்கு ஆகிற செலவைச் சொன்னால் அப்பாவின் மொத்தச் சர்வீஸ் சம்பளம் நினைவுக்கு வரும். காசு இருக்கிறவன் போட்டுக்கொள்ளட்டும். எலும்பில் முடுக்குகிற அந்த உலோக வேரைச் சுற்றியும் இதே படலம் ஒட்டும், இதே அழற்சி வரும், இதே எலும்பு கரையும். அப்பாவுக்கு நாற்பதில் 'வயசு' என்ற பதில் இருந்தது. இவனுக்கு முப்பதிலேயே 'டெக்னாலஜி' என்ற பதில் இருக்கிறது. முற்றிய ஈறு நோய் உலகத்தில் 100 கோடிப் பேருக்கு மேல் இருக்கிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் கணக்குச் சொன்னது. அதில் எத்தனை பேர் கைகளில் விதவிதமான டியூப் இருந்திருக்கும்?

வாசகர்களுக்கு ஒரே ஒரு வேலை. இன்று ராத்திரி சாப்பிட்டபின் விளக்கிவிட்டு, வாஷ்பேசினில் தண்ணீரைத் திறக்கும் முன் துப்பியதைப் பாருங்கள். சிவப்பு தெரிந்தால் பேஸ்ட்டை மாற்ற வேண்டாம், அந்தப் பக்கத்தை ஒதுக்கவும் வேண்டாம். அதே இடத்தை மெதுவாக, விளிம்போடு சேர்த்து, ரெண்டு வாரம் விளக்கிப் பாருங்கள். அப்போதும் நிற்காவிட்டாலும், பல் ஆடினாலும், சர்க்கரை இருந்தாலும், புகைப்பவராக இருந்தால் ரத்தமே வராவிட்டாலும் பல் டாக்டரிடம் போங்கள். காசுதான் தடை என்றால் சென்னையிலும் சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. போனதும் "கிளீனிங் மட்டும் போதும்" என்று சொல்லாமல், ஈறைக் கம்பி விட்டு அளந்து நம்பரைச் சொல்லச் சொல்லுங்கள்.